ஸ்க்ரோல் சாவில் சிக்குக் கோலம்: கோடு ஒடிகிறது, புள்ளி நிற்க மாட்டேன் என்கிறது

வாசல்_கோலம் (கோயம்புத்தூர்):

எல்லாருக்கும் வணக்கம். ஸ்க்ரோல் சாவுக்கு (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மெஷின்) நான் புதுசு. 16 அங்குல வாய் உள்ள சாதாரண மெஷின், முனையில் பின் (குறுக்கு ஊசி) வைத்த பிளேடு, பின் இல்லாத பிளேடு இரண்டும் மாட்டலாம். சாவி மாட்டும் பலகை, அக்கா பையனுக்கு யானை ஜிக்சா, செல்போன் ஸ்டாண்ட் என்று எல்லாரும் செய்வதையெல்லாம் செய்தாயிற்று. படங்கள் கீழே இருக்கின்றன. யானைக்குத் தும்பிக்கை கொஞ்சம் குட்டைதான், அதை விடுங்கள்.

இப்போது கை வைத்திருப்பது சிக்குக் கோலம். அம்மா மார்கழியில் போடும் நேர்ப்புள்ளி 5க்கு 5. அதைப் பேப்பரில் வரைந்து 6 மி.மீ. தேக்குப் பலகையில் ஒட்டி அறுக்கிறேன், கோடு மட்டும் மரமாக நிற்கும், மற்ற இடமெல்லாம் ஓட்டை. மெலிசாக இருந்தால்தான் கோலமாகத் தெரியும் என்று கோட்டை 2 மி.மீ. வைத்தேன். பாதி வேலையிலேயே ஒடிகிறது, அதுவும் எப்போது பார்த்தாலும் இடது ஓரம், வலது ஓரத்து வளைவுகளில்தான். மேலேயும் கீழேயும் இருக்கும் வளைவுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று புரியவில்லை.

அப்புறம் புள்ளி. சுற்றி அறுத்து எடுத்ததும் உள்ளே இருக்கும் புள்ளிக்குப் பிடிமானமே இல்லை, கழிவோடு சேர்ந்து கீழே போய்விடுகிறது. புள்ளி இல்லாததைக் கோலம் என்றே அம்மா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

இதற்கு நடுவில் பிளேடு வேறு வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன், மேசை நேராகத்தான் இருக்கிறது. மெஷின் கோளாறா, என் கையா?

யாராவது கோலம் அறுத்திருந்தால் படம் போடுங்களேன்.

ஆசாரி_மகன் (நாகர்கோவில்):

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மர ரேகை, அதாவது நார் ஓடும் திசை, கிடைமட்டமாக இருக்கிறது, ஓரவஞ்சனை செய்வது அதுதான். நேர்ப்புள்ளிச் சிக்கில் உள்ளே ஓடும் கோடெல்லாம் சாய்வாக ஓடும், எப்படியோ தாங்கிக்கொள்ளும். பக்கவாட்டு ஓரத்தில் திரும்பும்போதுதான் கோடு கொஞ்ச தூரம் ரேகைக்கு நேர் குறுக்கே நிற்கிறது. அந்த இடத்தில் கோட்டின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் மரத்தின் நார் நீளம், அதாவது உங்கள் கணக்கில் 2 மி.மீ. பிளேடு மேலே ஏறும்போது தூக்குகிற ஒரு உதறல் போதும், போய்விடும். பலகையைக் கால் சுற்றுத் திருப்பி வைத்து ஒட்டினால் மேல் வளைவும் கீழ் வளைவும் ஒடியும். 45 டிகிரி சாய்த்து ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள், அப்போது உள்ளே ஓடும் கோடுகளில் பாதி முழுக்க முழுக்க ரேகைக்குக் குறுக்கே வந்துவிடும், இப்போது இருப்பதைவிட மோசம்.

ஆக, இந்த வேலைக்குப் பிளைவுட்தான். அதில் மெல்லிய மர ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியிருப்பதால் கோடு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ சில ஏடாவது நீளவாக்கில் தாங்கும். ஆனால் கடையில் போய் சும்மா பிளைவுட் என்று கேட்டால் ஐஎஸ் 303 (இந்தியத் தர எண்) கமர்ஷியல் ரகத்தை எடுத்துப் போடுவார்கள். அலமாரிக்கு அது சரி. உள் ஏட்டில் அங்கங்கே சந்து இருக்கும், மெல்லிய கோட்டுக்குள் அந்தச் சந்து வந்தால் கதை முடிந்தது. ஐஎஸ் 710 மரைன், அதாவது தண்ணீர் தாங்கும் ரகம், கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், ஆனால் அதன் பசை பிளேடைத் தின்றுவிடும். பர்ச் (வெளிர் நிற வெளிநாட்டு மரம்) பிளைவுட் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். 6 மி.மீ. பலகை என்றால் ஐந்து ஏடு, ஓரத்தைப் பார்த்தாலே எண்ணிவிடலாம்.

கோடு 4 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். புள்ளிக்குப் புள்ளி 30 மி.மீ. விட்டு வரைந்தால் 5 மி.மீ. கோடுகூடத் தடியாகத் தெரியாது, சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்றுதானே பார்க்கப் போகிறோம்.

தேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் நல்ல மரம் என்றால் எல்லாரும் தேக்கு என்பார்கள். அதில் சிலிகா உண்டு, மெல்லிய பிளேடு அதில் சீக்கிரம் மழுங்கும். முழு மரத்தில்தான் செய்வேன் என்றால் மஞ்சக்கடம்பு தேடிப் பாருங்கள், நெருக்கமான மரம், ஓரம் சுத்தமாக வரும். ஆனால் அதிலும் ரேகைக் கணக்கு மாறாது, கோட்டை இன்னும் தடியாக்க வேண்டியிருக்கும்.

பிளேடு விஷயத்துக்கு டொராண்டோ அண்ணன் வருவார்.

நிலவறை_வாள் (டொராண்டோ):

வந்துவிட்டேன். தங்கச்சி, பிளேடு வலப்பக்கம் இழுப்பது மெஷின் பிழையும் இல்லை, உங்கள் கையும் இல்லை. பிளேடுக்குப் பல் வெட்டும்போது ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிர் நின்றுவிடும், அந்தப் பக்கம் கூடக் கடிக்கும், அவ்வளவுதான். பலகையை நேரே தள்ளாமல் மூன்று நாலு பாகை திருப்பிப் பிடித்துத் தள்ளிப் பாருங்கோ, கோடு தானாக நேரே வரும். பட்டைவாள் (பேண்ட் சா) மேசையில் பழகியவர்களுக்குத்தான் இது கஷ்டம், கோலம் போட்ட கைக்குச் சீக்கிரம் பிடிபடும்.

மூலைமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம். தடித்த கட்டைத் துண்டொன்றில் பிளேடால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, அந்தத் துண்டைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பிளேடின் முதுகுப் பக்கம் வைத்து அதே வெட்டுக்குள் பிளேடு நுழைகிறதா என்று பாருங்கோ. தடையில்லாமல் நுழைந்தால் மேசை சரி. பிளேடு தளர்வாக இருந்தாலும் கோட்டை விட்டு ஓடும். விரலால் பக்கவாட்டில் தள்ளினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக் கூடாது.

பின் வைத்த பிளேடை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கோ. அந்தப் பின் நுழைய அகலமான ஓட்டை போட வேண்டும், கோலத்தின் சின்னச் சந்துகளில் அதற்கு இடமே இல்லை. பின் இல்லாத 5 அங்குல பிளேடில் 3ஆம் நம்பர் எடுங்கோ. 1 மி.மீ.க்கும் குறைந்த அகலம், ஒன்றரை மி.மீ. ஓட்டைக்குள் போய்விடும். கீழ்ப்பக்கத்துச் சில பற்கள் தலைகீழாக மேல்நோக்கி இருக்கும் ரகமாகப் பாருங்கோ, அப்போதுதான் பிளைவுட்டின் அடிப்பக்கம் சிலும்பாது.

இனிப் புள்ளி. உங்கள் 5க்கு 5 கோலத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளி எல்லாவற்றுக்கும் நடுவில் கோடு குறுக்கிட்டால் 41 ஓட்டை வரும். புள்ளியைச் சுற்றி 25, நாலு புள்ளிக்கு நடுவில் இருக்கும் சந்துகள் 16. ஒவ்வொன்றுக்கும் பிளேடின் ஒரு முனையைக் கழற்றி, ஓட்டையில் விட்டு, திரும்ப மாட்டி இறுக்க வேண்டும். இதிலேதான் பொறுமை போகும், அறுப்பதில் இல்லை.

அந்த 25 ஓட்டையைப் புள்ளியின் இடத்திலேயே போடுங்கோ. கோலம் ஒட்டிய பலகையை, பின்னால் வைக்கப் போகும் பலகையின் மேல் வைத்து, அசையாமல் கவ்வி, புள்ளி இருக்கும் இடமெல்லாம் 2 மி.மீ. டிரில்லை இரண்டு பலகைக்கும் சேர்த்து இறக்குங்கோ. பிறகு பிரித்து எடுத்தால் மேல் பலகையில் அது பிளேடு நுழையும் வழி. பின் பலகையில் அதே இடம் புள்ளி உட்காரும் குழி. அறுத்து முடித்துக் கோலத்தைப் பின் பலகையில் ஒட்டும்போது ஒவ்வொரு சுழியின் மத்தியிலும் ஒரு குழி தானாக வந்து நிற்கும். அளவெடுக்கத் தேவையில்லை. குழியில் பித்தளை ஆணி அடிக்கலாம், மூங்கில் குச்சியை நறுக்கி ஒட்டலாம். மீதி 16 ஓட்டை மேல் பலகையில் மட்டும், அதையும் பிரித்த பிறகு போடுங்கோ, மறந்து சேர்த்துப் போட்டால் பின் பலகையில் தேவையில்லாத குழி.

அறுக்கும் வரிசையும் முக்கியம். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், சுற்றுக்கோடு கடைசி. ஓரத்தை முதலில் எடுத்துவிட்டால் பிறகு பிடிக்க இடமிராது, மெலிந்த பகுதி அதிர்ந்துகொண்டே இருக்கும். கோடுகள் குறுக்கிடும் இடத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் கூர் மூலை வரும். அங்கே பிளேடைத் திருப்ப முயற்சிக்காமல், மூலை வரை அறுத்து, பின்வாங்கி, மறுபக்கத்திலிருந்து வந்து அதே மூலையில் முடியுங்கோ. மாதிரித்தாளின் மேல் அகலமான செலோடேப் ஒரு சுற்று ஒட்டினால் மரம் கருகாது. தாளுக்கு அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் கடைசியில் உரிப்பதும் சுகம்.

இன்னொன்று, 5க்கு 5 சதுரத்தில் எல்லா இடத்திலும் குறுக்கிட்டால் அது ஒரே கோடாக வராது, ஐந்து தனித்தனிச் சுற்றாக வரும். தரையில் அது குறை என்பார்கள். மரத்தில் குறுக்கிடும் இடமெல்லாம் சேர்ந்துதான் நிற்கும், ஐந்தும் ஒரே துண்டு, ஒன்றும் கழன்று விழாது.

நேரா_கேக்குறேன் (சென்னை):

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 41 ஓட்டைக்கு 41 தடவை பிளேடு கழற்றி மாட்டுவதற்குப் பதில் கோலத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து லேசர் கட்டிங் கடையில் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் தந்துவிடுவார்கள். இதில் என்ன சந்தோஷம் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஆசாரி_மகன் (நாகர்கோவில்):

கொடுக்கலாமே. கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க நூறு வேண்டும் என்றால் நானே லேசருக்குத்தான் அனுப்புவேன். ஆனால் லேசர் எரித்துத்தான் அறுக்கிறது, ஓரமெல்லாம் கறுத்துப் போகும், வெளிர் மரத்தில் அது பளிச்சென்று தெரியும். அந்தக் கரியை 41 ஓட்டைக்குள்ளும் உப்புத்தாளை விட்டுத் தேய்த்து எடுத்துப் பாருங்கள், அப்புறம் நேரக் கணக்குப் பேசலாம். நல்ல பிளேடு அறுத்த ஓரம் தேய்க்காமலே வழுவழுவென்று இருக்கும். முக்கால் அங்குல மரத்தை அறுக்க வேண்டும் என்றால் தெருமுனைக் கடை லேசர் திணறும், ஸ்க்ரோல் சா அதை நிதானமாக அறுக்கும்.

சந்தோஷம் என்ன என்று கேட்டால் சாயங்காலம் வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். போன் எடுக்க முடியாது, கை இரண்டும் மாட்டிக்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், மூக்குக்கு என்95 போடாமல் அறுக்காதீர்கள். இந்த மெஷினில் வருவது மரத்தூள் இல்லை, மாவு. எம்டிஎஃப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுத்தால் அதில் ஃபார்மால்டிஹைடு பசை வேறு. அபார்ட்மெண்ட் பால்கனியில் வைத்து அறுப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்கிறதா என்று பார்த்துக்கொண்டால் உறவு நிலைக்கும்.

வாசல்_கோலம் (கோயம்புத்தூர்):

அண்ணா இருவருக்கும் ரொம்ப நன்றி. நேரே 41க்குப் போகாமல் 1-3-5-3-1 புள்ளிக் கோலத்தை முதலில் எடுத்தேன், 13 புள்ளி, நடுச்சந்து 4, மொத்தம் 17 ஓட்டைதான். 6 மி.மீ. பர்ச், 5 மி.மீ. கோடு. ஒன்றுகூட ஒடியவில்லை. படம் போட்டிருக்கிறேன். பின் பலகைக்குக் காவி நிறம் அடித்தேன், பர்ச் வெளுப்பாக இருப்பதால் செம்மண் தரையில் மாக்கோலம் போட்டது போல வந்துவிட்டது. புள்ளிக்குப் பித்தளை ஆணி. அம்மா எதுவும் சொல்லாமல் கையில் வாங்கிப் புள்ளியை எண்ணினார், எண்ணி முடித்து, "சரி, அடுத்து இடுக்குப் புள்ளி 7-4 பண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கு 37 புள்ளி. இப்போதைக்கு அந்தப் பேச்சை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். இங்கே நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் மெல்லிய பிளேடு கிடைக்கிறது, நீளம் அதேதான். அதை மாட்டலாமா? கடைசியில் பாலிஷ் என்ன போடுவது? பிரஷ்ஷில் வார்னிஷ் அடித்தால் ஓட்டைக்குள் எல்லாம் தேங்கி நிற்கிறது.

நிலவறை_வாள் (டொராண்டோ):

ஐயோ, நல்லா இருக்குது! அந்த இடதுபக்க மேல் சுழியில் மட்டும் கோடு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, நான் தேடிப் பார்த்ததால் தெரிகிறது, மற்றவர்களுக்குத் தெரியாது.

பொற்கொல்லர் பிளேடு உலோகத்துக்கு. பல் நெருக்கமாக இருக்கும், மரத்தூள் அதற்குள் அடைத்துச் சூடேறி, அறுப்பதற்குப் பதில் தேய்க்கத் தொடங்கும். மரத்துக்கு ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கும் ரகம்தான் வேண்டும், அந்த இடைவெளி வழியாகத்தான் தூள் வெளியே வரும். புள்ளிக்கு ஆணிக்குப் பதில் பித்தளைத் தகட்டில் பூ வெட்டி வைக்கும் ஆசை வந்தால் அப்போது அதை வாங்குங்கோ. பிளேடை மிச்சம் பிடிக்கவும் வேண்டாம், பிளைவுட்டில் கால் மணி, இருபது நிமிடத்துக்குப் பிறகு மழுங்கத்தான் செய்யும். தள்ளும்போது கைக்கு பாரம் தெரிந்தால் மாற்றிவிடுங்கோ. ஒடிகிற கோடுகளில் பல மழுங்கிய பிளேடால் ஒடிந்தவை.

ஆசாரி_மகன் (நாகர்கோவில்):

பாலிஷுக்கு: அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, தண்ணீர் மாதிரி மெலிதாக, அகலமான தட்டில் ஊற்றிக் கோலத்தை முழுசாக முக்கி எடுத்து, நூலில் தொங்கவிட்டு, ஓட்டைகளில் நிற்கும் துளிகளை வாயால் ஊதிவிடுங்கள். நிமிடத்தில் காயும். காய்ந்ததும் நார் லேசாகச் சிலிர்த்து நிற்கும், 320 நம்பர் தாளால் தடவிவிட்டு இன்னொரு முறை முக்குங்கள். பின் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், ஆனால் ஒட்டப் போகும் பக்கத்தை மட்டும் தேய்த்து அரக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃபெவிகால் பிடிக்காது. பின் பலகைக்கு இரண்டு பக்கமும் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் வளைந்துகொள்ளும்.

திண்ணை (தஞ்சாவூர்):

இதே புள்ளிப் பிரச்சினை எனக்கு வேறு விதமாக. வீட்டு வாசலுக்கு 'அன்பு இல்லம்' என்று பெயர்ப்பலகை அறுக்கிறேன், பின்னால் பலகை இல்லாமல், எழுத்து மட்டும் சுவரில் நிற்க வேண்டும். ன், ல், ம் மூன்றுக்கும் புள்ளி அந்தரத்தில் நிற்கிறது. இங்கிலீஷ் பெயர்ப்பலகை செய்கிறவர்களுக்கு ஒரு ஐ எழுத்தின் புள்ளியோடு கவலை முடிந்துவிடும். அப்புறம் என் சொந்த அண்ணன் அமெரிக்காவில் இருந்து வரும்போது பழைய ஸ்க்ரோல் சா ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டுமா என்கிறார். இங்கே ஓடுமா?

ஆசாரி_மகன் (நாகர்கோவில்):

புள்ளியை எழுத்தின் தலையோடு ஒட்டவைத்து வரையாதீர்கள், எட்ட நின்று பார்த்தால் எழுத்தே மாறித் தெரியும். மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு பட்டை வரைந்து, இரண்டையும் இரு ஓரங்களிலும் இணைத்துவிட்டு, எழுத்துகள் கீழ்ப்பட்டையில் காலூன்றி நிற்கட்டும், புள்ளிகள் மேல்பட்டையில் இருந்து 4 மி.மீ. காம்பில் தொங்கட்டும். முழுப் பெயரும் ஒரே துண்டாக வரும், சுவரில் நேராக மாட்டவும் சுலபம். பட்டையே பிடிக்கவில்லை என்றால் புள்ளியைத் தனி வட்டமாக அறுத்து, பின்னால் ஆணி வைத்துச் சுவரிலேயே பதித்துவிடலாம், ஆனால் வெள்ளையடிக்க வருகிறவர் ஒன்றைத் தொலைப்பார். எழுத்து தடியாக இருக்கட்டும், அ, இ, ன ஆகியவற்றின் சுழிக்குள் பிளேடு நுழைந்து திரும்ப இடம் வேண்டும். வாசலில் வெயில் மழை படும் என்பதால் இதற்கு மட்டும் 12 மி.மீ. மரைன் பிளைவுட், பிளேடு போனால் போகட்டும்.

நிலவறை_வாள் (டொராண்டோ):

மெஷின் விஷயம் நான் சொல்கிறேன். இங்கேயும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 230, 50. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் என்றால் ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலையில்லை. பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் என்றால் இந்தியாவில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். கடின மரத்துக்கு அந்த வேகம் கெடுதல் இல்லை, ஆனால் 120 கொடுத்தால் மோட்டார் சூடாகும், அதற்கு 100 வோல்ட் டிரான்ஸ்பார்மர்தான் சரி. மோட்டார் தட்டில் 50/60 என்று அடித்திருந்தால் டிரான்ஸ்பார்மர் மட்டும் போதும், கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவரச் சொல்லுங்கோ. பிரஷ் இல்லாத மோட்டாரில் 60 மட்டும் இருந்தால் மெஷினை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு, அந்தப் பெட்டி இடத்துக்குப் பிளேடாக வாங்கிவரச் சொல்லுங்கோ, 1, 3, 5 நம்பரில், கோயம்புத்தூருக்கும் ஒரு கட்டுச் சேர்த்து.